ஓடிப்போனவர்களின் புத்தகம்

மன்னார்த் தீவில் தோட்டவெளி என்றொரு கிராமம் உண்டு. அங்கே வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் இருக்கின்றது. சிறுவயதில் அம்மம்மா என்னை அங்கே அழைத்துச் செல்வார். போகும் வழியெல்லாம் கதைதான். 1544 ஆம் ஆண்டிலே, பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிவைத்த குரு ஒருவரிடம் மன்னார் மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். செய்தி யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் காதுக்கு எட்டியது. படை வந்தது. வேதத்தை மறுதலிக்க மறுத்தவர்கள் வெட்டுண்டு மாண்டார்கள். அறுநூறு முதல் எழுநூறு பேர் வரை என்பது பரம்பரையாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. பாடசாலையில் சங்கிலி மன்னன் போர்த்துக்கேயரை எதிர்த்த வீரன். வீட்டில் அவன் எங்கள் முன்னோரைக் கொன்றவன். இந்த இரண்டு சங்கிலிகளையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டுதான் மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் வளர்கின்றார்கள்.

ஒரு தடவை அம்மம்மாவிடம் கேட்டேன்.

"எல்லாரும் செத்தவையோ அம்மம்மா? ஒருத்தரும் ஓடித் தப்பேல்லையோ?"

"ஓடினவையும் இருப்பினம்தான். அவையைப் பற்றி ஆரடா கதைக்கிறது?" என்றார்.

எனக்கு அப்போது ஒன்பது அல்லது பத்து வயதிருக்கும். அந்த வயதில் அது போதுமான பதிலாகவே தோன்றியது.

ஓடினவர்களைப் பற்றிக் கதைத்த ஒரு புத்தகத்தைப் பற்றியே இங்கு எழுத நினைக்கின்றேன். யப்பானிய எழுத்தாளர் சுசாகு எண்டோ எழுதிய 'மௌனம்' என்னும் நாவல் அது. 1966 இல் யப்பானிய மொழியில் வெளிவந்து அவ்வாண்டின் தனிசாகி பரிசைப் பெற்றது. யப்பானில் வாழ்ந்த அயர்லாந்துக் குருவான வில்லியம் ஜோன்ஸ்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1969 இல் வந்தது. நான் படித்தது அந்த மொழிபெயர்ப்பைத்தான். கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி நான் வாசித்த நூல்கள் கொஞ்சமல்ல. குருமடத்து நூலகத்தில் தூசி தட்டி எடுத்துப் படித்த தத்துவ நூல்களும் அவற்றில் அடங்கும். அவற்றுள் இரண்டாவது முறை எடுத்துப் படித்தவை மிகச் சில. மூன்றாவது முறையும் நான்காவது முறையும் எடுத்தது இந்த ஒன்றை மட்டுமே.

இதை 1993 இல், பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது வாங்கினேன். விடுமுறைக்கு ஊர் போவது அப்போது நினைத்த நேரத்தில் செய்யக்கூடிய காரியமன்று. பாதை திறக்கும்வரை கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் நாட்கணக்கில் தங்கவேண்டியிருக்கும். அப்படிக் காத்திருந்த ஒரு நாளில் மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் இது கிடைத்தது. அட்டை கிழிந்து, முதற் பக்கத்தில் யாரோ ஒருவரின் பெயர் மையால் அடிக்கப்பட்டிருந்தது. இருபது ரூபாய் கொடுத்தேன் என்று நினைவு.

கதை இதுதான். பதினேழாம் நூற்றாண்டு யப்பான். சவேரியார் 1549 இல் ககோசிமாவில் இறங்கி விதைத்த வேதம் அரை நூற்றாண்டுக்குள் இலட்சக்கணக்கானோரை ஈர்த்திருந்தது. பிறகு காற்றுத் திசைமாறியது. 1597 இல் நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். 1614 இல் நாடு முழுவதும் தடை. அதன்பின் வேட்டை. இந்த நிலையில் போர்த்துக்கல்லில் இருக்கும் யேசு சபையினருக்கு நம்பமுடியாத ஒரு செய்தி வருகின்றது. அவர்களின் ஆசானாகிய கிறிஸ்தோவாவோ பெரெய்ரா விசுவாசத்தை மறுதலித்துவிட்டாராம். இது கற்பனையல்ல. 1633 இல் உண்மையில் நடந்தது. கைகால் கட்டித் தலைகீழாகக் குழிக்குள் தொங்கவிட்டு, இரத்தம் ஒரேயடியாகத் தலைக்கேறிச் சாவு விரைவில் வந்துவிடாதபடி காதுக்குப் பின்னே சிறு கீறல் போட்டுவிடும் ஒரு சித்திரவதை அங்கே இருந்தது. பெரெய்ரா அதில் ஐந்து மணித்தியாலம் தாக்குப்பிடித்தார் என்பது வரலாறு. அதன்பின் அவர் யப்பானியப் பெயரொன்றுடன் வாழ்ந்து, தாம் போதித்த வேதத்தைக் கண்டித்து நூலொன்றும் வெளியிட்டார்.

செய்தியை நம்பமறுத்து அவரைத் தேடிப் புறப்படுகின்றார்கள் இளங்குருமார். அவர்களில் ஒருவரான ரொட்றிகஸ் நாவலின் நாயகர். யுசெப்பே கியாரா என்ற சிசிலித் தீவுக் குருவின் வாழ்க்கையை ஒட்டி எண்டோ இந்தப் பாத்திரத்தைப் படைத்தார். மக்காவோவில் அவர்களுக்கு வழிகாட்டியாக வந்து சேர்கின்றான் கிச்சிஜிரோ. எப்போதும் குடிபோதையில் இருப்பவன், பயந்தாங்கொள்ளி, பொய்யன். அவனுடைய குடும்பத்தினர் அனைவரும் விசுவாசத்திற்காகத் தீயில் மாண்டவர்கள். அவன் மட்டும் கிறிஸ்துவின் உருவத்தை மிதித்துவிட்டுத் தப்பியவன்.

இந்த மிதித்தலைப் பற்றிச் சொல்லவேண்டும். கிறிஸ்துவின் அல்லது மாதாவின் உருவம் பொறித்த தகடு ஒன்றைப் பலகையிற் பதித்துத் தரையில் வைப்பார்கள். சந்தேகத்திற்குரியவர் அதன்மேல் காலை வைக்கவேண்டும். வைத்தால் வீட்டுக்குப் போகலாம். யப்பானிய மொழியில் 'புமி-யே' என்பார்கள். நீண்ட காலம் நோயில் கிடந்து, சத்திரசிகிச்சைகளுக்குப் பின் ஒரு நுரையீரலை இழந்து பிழைத்தெழுந்த எண்டோ, நாகசாகியில் அப்படியொரு தகட்டைக் கண்டார். அதைச் சுற்றியிருந்த மரச்சட்டத்தில், மிதித்தவர்களின் கால்விரல் பட்ட கறுப்புத் தடம் படிந்திருந்தது. வேறொருவராக இருந்தால் தகட்டிலிருந்த முகத்தைப் பார்த்திருப்பார். எண்டோ கால்விரல்களைப் பார்த்தார். யாருடைய கால்கள் இவை, மிதித்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும், நானாக இருந்தால் மிதித்திருப்பேனா என்ற கேள்விகளோடு வீடு திரும்பினார். நாவல் அங்கேதான் பிறந்தது. மறுதலியாமல் இறந்தவர்களைத் திருச்சபை எழுதிவைத்தது. மறுதலித்தவர்களைத் திருச்சபையும் எழுதவில்லை, அரசும் எழுதவில்லை. அவர்களைச் சாம்பலிலிருந்து எழுப்பிப் பேசவைக்க வேண்டும் என்பதே தமது நோக்கம் என்று எண்டோ பின்னர் பல இடங்களில் கூறியிருக்கின்றார்.

1993 இல் எனக்கு இது எதுவும் விளங்கவில்லை. நான் தோட்டவெளிப் பிள்ளை. எனக்குப் பிடித்தவர்கள் மொக்கிச்சியும் இச்சிசோவும். கடலோரத்தில் மரங்களில் கட்டப்பட்டு, வற்றுப்பெருக்கில் நீர் ஏறி இறங்க, நாட்கணக்கில் அணு அணுவாக மாண்டுபோகும் அந்த இரண்டு ஏழைக் கிராமத்தவர்களின் அத்தியாயத்தை விடுதி அறையில் நண்பர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். கிச்சிஜிரோ வெள்ளிக்காசுக்காக ரொட்றிகசைக் காட்டிக்கொடுக்கும் இடத்தில் எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வந்தது. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: "கோழை. யூதாசிலும் கேடானவன்." யூதாசுக்காவது நான்றுகொண்டு சாகும் மானம் இருந்தது என்பது அப்போதைய என் வாதம்.

பிறகு பத்திரிகைத் தொழிலுக்கு வந்தேன். புத்தகம் என்னோடு அறை அறையாக இடம்பெயர்ந்தது.

அடுத்ததாக எழுதப்போவதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2007 ஆம் ஆண்டு. கொழும்பில் வெள்ளை வான்களின் காலம். லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை ஜூன் மாதத்தில் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்கிற்கு அனுப்பிய காலம். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்திப் பிரிவில் பொறுப்பான நிலையில் இருந்தேன். காணாமற் போனவர்களின் தாய்மார் அலுவலகத்திற்கு வருவது அன்றாட நிகழ்வாகியிருந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாயார். மகனைக் கொட்டாஞ்சேனையில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். வெளிநாடு போவதற்காக வந்து நின்ற பிள்ளை. புகைப்படத்தை என்னிடம் தந்தார். அடையாள அட்டைக்கு எடுத்த படம். பின்பக்கத்தில் பெயரும் பிறந்த திகதியும் அழகான கையெழுத்தில் இருந்தன. எப்படிக் கொண்டுபோனார்கள், வந்தவர்கள் என்ன மொழி பேசினார்கள், வாகனத்தின் இலக்கம் என்ன என்று எல்லாவற்றையும் சொன்னார். நானே குறிப்பெடுத்து நானே எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் படத்துடன் இடம் ஒதுக்கினேன்.

இரவு எட்டரை மணிபோல் என் கைத்தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. நல்ல தமிழ். மரியாதையான குரல். அந்தச் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் மகள் படிக்கும் பாடசாலையின் பெயரைச் சொல்லி, அங்கே நன்றாகச் சொல்லிக்கொடுக்கின்றார்களா என்று விசாரித்தது. எந்த நேரத்தில் பாடசாலை விடுகின்றது என்றும் கேட்டது. பிறகு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா என்று சொல்லி வைத்துவிட்டது.

நான் பக்க வடிவமைப்பாளரிடம் போய் மூன்றாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அந்தச் செய்தியை எடுத்துவிட்டு, கையிருப்பில் இருந்த வேறொன்றைப் போடச் சொன்னேன். காய்கறி விலையைப் பற்றியது என்று நினைக்கின்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. அந்த நாட்களில் யாரும் யாரிடமும் காரணம் கேட்பதில்லை. முழுவதும் இரண்டு நிமிட வேலை. எனது ஆசிரியருக்கு அந்த அழைப்பைப் பற்றி நான் சொல்லவில்லை. யாருமே என்னை வற்புறுத்தவில்லை என்பதை இங்கே பதிவுசெய்யவேண்டும். பத்திரிகை நிறுவனத்தின்மீது இதில் எந்தப் பிழையும் இல்லை.

மறுநாட் காலை அந்தத் தாயார் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து வரவேற்பறையில் இருந்தார்.

"தம்பி, எத்தனையாம் பக்கத்திலை போட்டிருக்கிறியள்? எனக்குக் கண்ணாடி இல்லை, தேடிப் பாத்தன் காணேல்லை."

"நேற்று இடம் காணாமல் போச்சுதம்மா. நாளைக்குப் பாப்பம்."

இன்னும் இரண்டு நாட்கள் வந்தார். அதற்குப் பிறகு வரவில்லை. படத்தை வாங்கிக்கொண்டும் போகவில்லை.

என் தொழிலுக்கும் வேதசாட்சிகள் இருக்கின்றார்கள். 2000 இல் நிமலராஜன், 2004 இல் நடேசன், 2005 இல் சிவராம். 2009 இன் தொடக்கத்தில் லசந்த விக்கிரமதுங்க. பெயர் தெரிந்தும் தெரியாமலும் இன்னும் பலர். ஆண்டுதோறும் நினைவுதினங்களில் சுடர் ஏற்றுகின்றோம். நானும் ஏற்றுகின்றேன், பேசச்சொன்னால் பேசவும் செய்கின்றேன். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது எங்களில் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையில் சில சமயம் வேறொரு கேள்வி இருக்கும். நாங்கள் எப்படி உயிரோடு இருக்கின்றோம் என்ற கேள்வி. நான் அறிந்தவரையில் அதை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

2008 ஏப்ரலில் மடுமாதாவின் திருச்சொரூபம், போர் நெருங்கியதால், மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அந்தச் செய்தியைத் தயாரிக்கும்போது பின்னணிக் குறிப்பு ஒன்று எழுதவேண்டியிருந்தது. மடுவின் வரலாற்றை எல்லோருக்கும் தெரிந்தபடி எழுதினேன். 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினார்கள். கத்தோலிக்க குருமாருக்குப் புகலிடம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1670 அளவில் மாந்தையிலிருந்த சில குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. அந்தக் காடுதான் மடு. எழுதிக்கொண்டிருந்த கை இங்கே நின்றுவிட்டது. ஓடின என்று எழுதியிருக்கின்றேன். இலங்கைக் கத்தோலிக்கரின் மிகப் பெரிய யாத்திரைத் தலம், ஓடிப்போனவர்கள் உண்டாக்கியது. அம்மம்மாவும் இதை அறிவார். ஆண்டுதோறும் ஆவணியில் மடுவுக்குப் போனவர்தானே. ஆனால் அவர் அவர்களை ஓடினவர்கள் என்ற கணக்கில் ஒருபோதும் சேர்த்ததில்லை.

அன்றிரவு வீட்டுக்குப் போய் 'மௌன'த்தை மீண்டும் எடுத்தேன்.

இம்முறை மொக்கிச்சியையும் இச்சிசோவையும் விரைவாகக் கடந்துபோனேன். அவர்களைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கிச்சிஜிரோ வரும் பக்கங்கள் எல்லாவற்றிலும் தங்கி நின்றேன். அவன் மிதிக்கின்றான், ஓடுகின்றான், காட்டிக்கொடுக்கின்றான், பிறகு திரும்பி வருகின்றான். காட்டிக்கொடுத்த குருவின் பின்னாலேயே, மழையில் நனைந்துகொண்டு, சிறைவாசலில் காவலரிடம் உதைபட்டுக்கொண்டு, பாவசங்கீர்த்தனம் கேளுங்கள் சுவாமி என்று கெஞ்சிக்கொண்டு வருகின்றான். தான் பெலவீனனாகப் பிறந்தவன் என்பது அவனுடைய முறைப்பாடு. கொடுமையில்லாத காலத்தில் பிறந்திருந்தால் தானும் நல்ல கிறிஸ்தவனாக வாழ்ந்து செத்திருப்பேன் என்கின்றான். இதை முதல் முறை வாசித்தபோது சாட்டு என்று நினைத்தேன். சாட்டுத்தான். ஆனால் உண்மையுமாகும். சமாதான காலத்தில் நேர்மையான பத்திரிகையாளராக ஓய்வுபெற்ற பலரை நான் அறிவேன். அவர்களிடம் யாரும் மகளின் பாடசாலையைப் பற்றி விசாரித்ததில்லை.

நாவலின் உச்சம் ஓர் இரவு. ரொட்றிகஸ் இருட்டறையில் அடைக்கப்பட்டிருக்கின்றார். வெளியே யாரோ குடித்துவிட்டுக் குறட்டை விடுகின்றான். தாம் மரணத்தை எதிர்கொள்ளத் தயாராகும் இந்தப் புனிதமான இரவில், இப்படியொரு காவலாளியின் குறட்டையா என்று அவருக்கு முதலில் சிரிப்பும் பிறகு கோபமும் வருகின்றது. கதவைத் தட்டுகின்றார். அங்கே வருகின்ற பெரெய்ரா உண்மையைச் சொல்கின்றார். அது குறட்டையல்ல. குழியில் தலைகீழாகத் தொங்கும் கிறிஸ்தவர்களின் முனகல். அவர்கள் ஏற்கனவே மறுதலித்துவிட்டார்கள். ஆனால் இந்தக் குரு மிதிக்கும்வரை அவர்களை இறக்கமாட்டார்கள். அவர் தம்முடைய உயிரைக் கொடுத்து வேதசாட்சியாகலாம் என்று வந்தவர். இங்கே அவரிடம் கேட்கப்படுவது அவருடைய உயிரல்ல.

அதிகாலையில் அவர் மிதிக்கின்றார். மிதிக்கும்படி அந்தத் தகட்டில் தேய்ந்துபோயிருக்கும் முகமே அவருக்குச் சொல்வதாக எண்டோ எழுதுகின்றார். மனிதரால் மிதிபடுவதற்காகவே தாம் இவ்வுலகிற்கு வந்ததாக. எங்கோ சேவல் கூவுகின்றது.

இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் எண்டோவைக் கண்டித்தார்கள். நூல் வெளிவந்த காலத்தில் நாகசாகிக் கத்தோலிக்கரிடையே கடும் எதிர்ப்பு இருந்தது. வேதசாட்சிகளின் இரத்தத்தை அவமதித்துவிட்டார், மறுதலிப்புக்கு நியாயம் கற்பித்துவிட்டார் என்றார்கள். தோட்டவெளியிலிருந்து வந்த எனக்கு அந்தக் கோபம் விளங்குகின்றது. ஆனால் எண்டோ நியாயம் கற்பிக்கவில்லை என்பதே எனது முடிவு. அதற்கான சான்று நூலின் கடைசியில் பலர் தாண்டிப்போகும் பின்னிணைப்பில் இருக்கின்றது. எடோ நகரில், கிறிஸ்தவர்களைச் சிறைவைத்த மாளிகையின் உத்தியோகத்தர் ஒருவரின் நாட்குறிப்பு அது. வரட்டுத்தனமான அலுவலகக் குறிப்புகள். யார் எப்போது கடமைக்கு வந்தார், யாருக்கு என்ன படி வழங்கப்பட்டது என்பவை. அவற்றின் நடுவே, யப்பானியப் பெயரோடு, அரசு கொடுத்த மனைவியோடு அங்கே வாழும் ரொட்றிகஸ், மறுதலிப்புப் பத்திரம் ஒன்றை எழுதிக்கொண்டிருப்பதாக ஒரு வரி வருகின்றது. ஏற்கனவே மறுதலித்தவர் ஏன் திரும்பவும் எழுதவேண்டும்? இடையில் அவர் அந்த மறுதலிப்பை மறுதலித்திருக்கவேண்டும் அல்லவா? எண்டோ விளக்கமாட்டார். செய்தியறையில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கின்றேன், ஒரு பெரிய செய்தியை உள்ளூர்க் குறிப்புகளுக்குள் இத்தனை அமைதியாக ஒளித்துவைப்பதற்கு அசாத்தியமான கட்டுப்பாடு வேண்டும்.

அதே பின்னிணைப்பில் கிச்சிஜிரோவும் இருக்கின்றான். சுவாமியின் பின்னாலேயே வந்து அந்த மாளிகையில் வேலையாளாகச் சேர்ந்திருக்கின்றான். சோதனையில் அவன் கழுத்தில் தொங்கிய பைக்குள் கிறிஸ்தவப் பதக்கம் ஒன்று அகப்படுகின்றது. அதில் பொறிக்கப்பட்டிருந்தவர்களில் ஒருவர் சவேரியார். எங்கள் மன்னாருக்குக் குருவை அனுப்பிய அதே சவேரியார். எத்தனையோ தடவை மிதித்த அந்தக் கோழை, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பகைவரின் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கின்றான்.

மார்ட்டின் ஸ்கோர்செசி 2016 இல் இந்நாவலைத் திரைப்படமாக்கினார். பக்தியோடும் பொறுமையோடும் எடுக்கப்பட்ட படம்தான். ஆனால் இறுதியில், சிதையில் எரியும் ரொட்றிகசின் கைக்குள் சிறு சிலுவையொன்றைக் காட்டிவிடுகின்றார். நாவலில் அது கிடையாது. எங்களுக்கு ஆறுதல் தரவேண்டும் என்று இயக்குநர் நினைத்திருக்கலாம். எண்டோ அந்த ஆறுதலைத் தர மறுத்தார் என்பதே என்னைப் போன்றவர்களுக்கு ஆறுதல்.

தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்டோ முதலில் வைத்த தலைப்பு வேறு. வெயில் படும் இடத்தின் வாசனை என்று பொருள்படுவது. பதிப்பகத்தார்தான் 'மௌனம்' என்று மாற்றச் செய்தார்கள். தலைப்பை மாற்றும் உதவி ஆசிரியர்களின் இனம் உலகெங்கும் ஒன்றுதான் போலும். அந்த மாற்றத்தால் பலரும் இதைக் கடவுளின் மௌனத்தைப் பற்றிய நூலாகவே வாசித்தார்கள். அந்த மௌனத்திற்குள் கடவுள் பேசியதை எழுதவே தாம் முயன்றதாக எண்டோ பின்னர் சொல்லிப் பார்த்தார். எனக்கு மூன்றாவது ஒரு மௌனமும் கேட்கின்றது. மிதித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களின் மௌனம்.

அந்த வீடுகளில் என்ன நடந்தது என்பதை வரலாறு ஓரளவு சொல்கின்றது. நாகசாகிப் பகுதி மக்கள் ஆண்டுதோறும் வரிசையில் நின்று தகட்டை மிதித்தார்கள். மறைவாகக் கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள் மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். குருவில்லை, பூசையில்லை, புத்தகமில்லை. 1865 மார்ச்சில், நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்ட ஊரா தேவாலயத்திற்குள் ஒரு சிறு கூட்டம் வந்து, அங்கிருந்த பிரெஞ்சுக் குருவிடம் தாங்களும் அவருடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள்தான் என்று தாழ்ந்த குரலில் சொன்னது. தடை விதிக்கப்பட்டு இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்படி வந்தவர்கள் வேதசாட்சிகளின் பிள்ளைகளல்லர். வேதசாட்சிகளுக்குப் பெரும்பாலும் பிள்ளைகள் மிஞ்சவில்லை. வந்தவர்கள் மிதித்தவர்களின் பிள்ளைகள்.

எங்கள் யாழ்ப்பாணத்திலும் இது நடந்ததுதான். பறங்கியர் காலத்தில் சைவர்கள் விரதமிருந்து உண்ட வாழையிலையை வெளியே எறியப் பயந்து கூரை இறப்பில் செருகி ஒளித்த கதையைச் சொல்லாத கிழவிகள் இல்லை. அடுத்துவந்த ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கரும் சைவரும் ஒன்றாகவே சீர்திருத்தக் கோயிலுக்குப் போய்த் தோம்பிலே பெயரைப் பதிந்துவிட்டு வந்து, வீட்டில் தத்தம் தெய்வத்தைக் கும்பிட்டார்கள். 1687 இல் யோசேவாஸ் அடிகளார் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்து, கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சைகேட்டுத் திரிந்து, யாருடைய கண் அந்தச் செபமாலையில் தங்குகின்றது என்று பார்த்தே ஒளிந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார் என்பார்கள். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்தத் திருப்பலியைச் செய்தியாக்கியவர்களில் நானும் ஒருவன். அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்தச் செபமாலையைப் பார்த்தும் பாராதவர்போல் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, பிறகு பின்வாசலால் வந்து மெல்லக் கூப்பிட்டவர் யாரோ, அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருக்கவில்லை.

நான் இப்போதும் கோயிலுக்குப் போவது பெருநாட்களில்தான். விசுவாசி என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இருக்கின்றதோ தெரியாது. எண்டோ தமது மதத்தைத் தாயார் தமக்கு அணிவித்த, அளவு பொருந்தாத மேல்நாட்டு உடை என்றார். பதினொரு பன்னிரண்டு வயதில் தாயாரின் விருப்பத்திற்காக ஞானஸ்நானம் பெற்றவர் அவர். பலமுறை கழற்றி எறிய முயன்றும் முடியாமல், அதை யப்பானிய உடலுக்கு ஏற்றபடி வெட்டித் தைப்பதிலேயே எழுத்து வாழ்க்கை முழுவதையும் கழித்தார். 1996 இல் இறந்தபோது அவருடைய பெட்டிக்குள் இரண்டு புத்தகங்கள் வைக்கப்பட்டன. ஒன்று காசியின் கங்கைக்கரையில் முடியும் 'ஆழ்நதி'. மற்றது 'மௌனம்'.

கிச்சிஜிரோவுக்குக் கடைசியில் பாவசங்கீர்த்தனம் கிடைக்கின்றது. மிதித்துவிட்ட ரொட்றிகசிடம்தான். தாம் இனிமேல் குருவல்ல என்று அவர் சொல்லியும் அவன் விடவில்லை. அவரும் மறுக்கவில்லை.

அந்தத் தாயாரின் மகனுடைய படம் என்னிடம் இருக்கின்றது. போர் முடிந்த பின்னர், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டங்களைச் செய்தியாக்கப் போன இடங்களிலெல்லாம் அவரைத் தேடியிருக்கின்றேன். வரிசையில் நிற்கும் தாய்மாரின் முகங்களையும் அவர்களின் கைகளில் இருக்கும் படங்களையும் பார்த்துக்கொண்டே போவேன். காணவில்லை. 2007 இல் ஐம்பது வயதென்றால் இன்று எழுபதுக்குச் சற்று அப்பாலோ இப்பாலோ இருக்கும். படத்தின் பின்னால் இருந்த பெயரை வைத்து விசாரித்தும் பார்த்தேன். ஆனால் எல்லோரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஏன் என்று கேட்பார்களே.

என் மகள் இப்போது ரொறன்ரோவில் இருக்கின்றாள். கடந்த ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது எனது அலுமாரியிலிருந்து நாலைந்து புத்தகங்களை எடுத்துச் சென்றாள். இரண்டு கிழமைக்கு முன் தொலைபேசியில் கதைத்தபோது கேட்டாள்.

"அப்பா, இந்த யப்பான் புத்தகத்திலை பென்சிலாலை கோழை எண்டு எழுதியிருக்கிறது ஆர்?"

"நான்தான். பேராதனையிலை படிக்கேக்கை எழுதினது."

"எனக்கு அவனிலை பாவமாயிருக்கு. அழிச்சுவிடட்டோ?"

பழைய தாள், ரப்பர் போட்டால் கிழிந்துவிடும் பிள்ளை, அப்படியே விடு என்றேன்.